500 என்ற எண்ணுக்குப் பின்னால்

இணையத்தளம் ஒன்றைத் திறக்க முற்படும்போது வெள்ளைத் திரையில் 500 என்ற எண்ணும், சேவையகத்தின் உள்ளே ஏதோ பிழை என்று பொருள்படும் ஓர் ஆங்கில வரியும் மட்டும் தோன்றுவதுண்டு. பிழை எந்தக் கோப்பில், எந்த வரியில், எக்காரணத்தால் நேர்ந்தது என்பதை அந்தப் பக்கம் கூறுவதில்லை. கூறவும் கூடாது, ஏனெனில் அவ்விவரங்களில் தரவுத்தளத்தின் பெயரும் கோப்புகளின் இருப்பிடமும் சில வேளைகளில் கடவுச்சொல்லும் அடங்கியிருக்கும், அவை வழிப்போக்கர் எவரும் படிக்கத்தக்கவை அல்ல. முழு விவரமும் சேவையகத்திலேயே, ‘எரர் லொக்’ எனப்படும் பிழைப் பதிவுக்கோப்பில் எழுதப்பட்டுக் கிடக்கும். அக்கோப்பைத் திறந்து பாராமலே அமைவுகளை ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்குவோர், இருந்த ஒரு பிழையோடு புதிதாக இரண்டைச் சேர்த்துக்கொள்வது இத்தொழிலில் அன்றாடம் நடப்பதாகும்.

இலங்கையின் செங்கலடி போன்ற ஊரிலும் இதைக் காணலாம். பேராதனையிலிருந்து பதுளை வழியாக இறங்கிவரும் ஏ5 நெடுஞ்சாலை, மட்டக்களப்பு – திருகோணமலை வீதியோடு வந்து சேரும் இடம் செங்கலடி. அதற்கு அண்மையில், வந்தாறுமூலையில், 1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 ஒக்டோபர் 1ஆம் திகதி முழுமையான பல்கலைக்கழகமாக உயர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்திருப்பதால், கணினி கற்கும் மாணவரும் கற்று முடித்து இணையத்தளம் செய்து கொடுப்போரும் இப்பகுதிக்குப் புதியவர் அல்லர். பாடசாலைக்கோ, கோயிலுக்கோ, ஊர்ச் சங்கத்துக்கோ தமிழில் ஒரு தளம் வேண்டுமென்றால், எங்கோ வெளிநாட்டில் உள்ள கணினி ஒன்றில் இடம் வாடகைக்கு எடுத்து, அதில் உபுண்டு போன்ற லினக்ஸ் இயக்குதளத்தையும் அப்பாச்சி சேவையகத்தையும் நிறுவி, ஆங்கில வழிகாட்டி ஒன்றைப் பார்த்து அமைவுகளை எழுதுவதே வழக்கமான வழி. அந்த வழிகாட்டிகளோ ரோமன் எழுத்தைத் தவிர வேறெழுத்து உலகில் இல்லை என்ற எண்ணத்தோடு எழுதப்பட்டவை. எனவே ஆங்கிலத் தளத்தில் ஒருபோதும் தலைகாட்டாத சில பிழைகள் தமிழ்த் தளத்தில் முதல் நாளே தலைகாட்டுகின்றன.

வலைச் சேவையகம் என்பது, உலாவி கேட்கும் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் மென்பொருள். 1995இல் பிறந்த அப்பாச்சி, இகோர் சிசோயெவ் என்ற ரஷ்ய நிரலாளர் 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் ஆகிய இரண்டும் இன்று பரவலாக வழங்குபவை. ஏற்கெனவே எழுதி வைத்த பக்கத்தை அப்படியே கொடுப்பதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் தேடலுக்கு விடை தருவது, பெறுபேறு காட்டுவது, படம் ஒன்றை ஏற்றுக்கொள்வது ஆகியவற்றுக்கு, கேட்கும் அந்தக் கணத்திலேயே பக்கத்தை உருவாக்கும் நிரல் ஒன்று ஓட வேண்டும். தொடக்க காலத்தில் இதற்குக் கையாண்ட சிஜிஐ என்ற முறையில், ஒவ்வொரு கோரிக்கைக்கும் நிரல் புதிதாக ஒருமுறை தொடங்கப்பட்டு, வேலை முடிந்ததும் கலைக்கப்பட்டது. வருகையாளர் பெருகியபோது இந்தத் தொடக்கமும் கலைப்புமே சேவையகத்தின் நேரத்தை விழுங்கின. இதற்கு மாற்றாக, நிரலை வாசித்து நிறைவேற்றும் இன்டர்பிரிட்டரையே சேவையகத்தின் வயிற்றுக்குள் நிரந்தரமாகக் குடியமர்த்தும் மொடியூல்கள், அதாவது தேவைக்கேற்பச் சேர்க்கவும் நீக்கவும் கூடிய இணைப்புக்கூறுகள், தோன்றின. 1996இல் தோன்றி டக் மெக்கெய்கர்ன் வளர்த்தெடுத்த மொட்-பேர்ள், ராஸ்மஸ் லெர்டோர்ஃப் தொடங்கிய பிஎச்பி மொழிக்கான மொடியூல், கிரேகம் டம்பிள்டன் 2007இல் வெளியிட்ட மொட்-விஸ்கி ஆகியவை இவ்வகையின. கடைசியாகச் சொன்னது பைதன் மொழிக்கு உரியது.

வேகம் கிடைத்தது, அதற்கு ஈடாகக் கைவிடப்பட்டது சுதந்திரம். பிறர் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் அந்த வீட்டுச் சட்டதிட்டங்களுக்கு உட்படுவது போல, உள்ளே குடியமர்ந்த மொழி சேவையகத்தின் உரிமைகளோடும் சேவையகத்தின் மொழிச் சூழலோடும் சேவையகம் விட்டுக்கொடுக்கும் நினைவகத்தோடுமே ஓட வேண்டியதாயிற்று. ‘டெர்மினலில் ஓடுகிறது, உலாவியில் ஓடவில்லை’ என்று நிரலாளர் தலையில் கைவைத்துக்கொள்ளும் முறைப்பாட்டின் பெரும்பகுதி இதனாலேயே எழுகிறது. டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் நிரலை ஓட்டுபவர் அந்தக் கணக்குக்கு உரியவர். உலாவி வழியாக வரும்போது அதே நிரலை ஓட்டுவது, உபுண்டுவில் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’ என்று பெயரிடப்பட்ட, அதிகாரம் மிகக் குறைந்த வேறொரு பயனர். இவ்விருவருக்கும் திறக்கும் கதவுகள் வேறு, தெரியும் பாதைகள் வேறு, வழங்கும் எழுத்தும் வேறு.

கதவைப் பற்றி முதலில் கூறலாம். 403 என்ற எண் தோன்றினால், கோப்பு இருக்கிறது, ஆனால் கொடுக்க அனுமதி இல்லை என்று பொருள். பலரும் உடனே அந்தக் கோப்பின் அனுமதியை எல்லோருக்கும் திறந்துவிடுகின்றனர்; அது பயனற்றது, ஆபத்தானதும்கூட. ஒரு கோப்பை அடைய, வேர்க் கோப்புறையிலிருந்து அக்கோப்பு வரை உள்ள ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் நுழையும் உரிமை சேவையகத்தின் பயனருக்கு இருத்தல் வேண்டும். இடையில் ஒன்று மூடியிருந்தாலும் கடைசிக் கோப்பின் தாராளம் உதவாது. உபுண்டு 21.04 பதிப்பு முதல், புதிதாக உருவாக்கப்படும் பயனரின் வீட்டுக் கோப்புறை பிறருக்கு மூடியே இருக்கிறது. அதற்கு முன்னர் எழுதப்பட்ட வழிகாட்டியைப் பின்பற்றித் தளத்தை வீட்டுக் கோப்புறைக்குள் வைப்பவர் 403இல் முட்டிக்கொள்வது இதனாலேயே. ‘நேம்-ஐ’ என்ற சிறு லினக்ஸ் கட்டளை, பாதையிலுள்ள கோப்புறைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அனுமதிகளோடு காட்டிவிடும் என்பதால், இதற்கு ஊகமே தேவையில்லை. இன்னொரு காரணமும் உண்டு: 2012இல் வெளிவந்த அப்பாச்சி 2.4, யாரை உள்ளே விடலாம் என்று எழுதும் முறையையே மாற்றிவிட்டது. பழைய ‘ஓடர்’, ‘அலவ்’, ‘டினை’ என்ற சொற்களுக்கு இப்போது ‘ரிக்வயர்’ என்ற ஒரு சொல் வந்துள்ளது. இரண்டையும் கலந்து எழுதிய அமைவுக்கோப்பு எதிர்பாராத இடத்தில் கதவை அடைக்கும்.

மொடியூலும் அதனுள் இருக்கும் மொழியும் ஒரே பதிப்புக்கு உரியனவாக இருத்தல் வேண்டும் என்பது அடுத்தது. மொட்-விஸ்கி எந்தப் பைதன் பதிப்புக்காகத் தொகுக்கப்பட்டதோ அந்தப் பதிப்போடு மட்டுமே அது வேலை செய்யும். புதிய பைதனை நிறுவி, அதற்கான தனிச்சூழலை அமைத்து, பழைய மொடியூலை அப்படியே விட்டுவைத்தால், பைதன் தன் அடிப்படை நூலகத்தையே காணவில்லை என்று பதிவுக்கோப்பில் எழுதிவிட்டு நின்றுவிடும். பிஎச்பியின் சிக்கல் வேறு விதமானது. ஒரே செயலாக்கத்துக்குள் பல கோரிக்கைகளை இழைகளாகப் பிரித்து நடத்தும் முறைக்கு அப்பாச்சியை மாற்றிவிட்டு, இழைகளைத் தாங்காத வகையில் தொகுக்கப்பட்ட பிஎச்பி மொடியூலை இணைத்தால், அப்பாச்சி தொடங்கவே மறுக்கும். காரணத்தையும் தெளிவாகவே எழுதிவைக்கும். இவற்றினும் மோசமானது, மொடியூலை இணைக்கவே மறந்துவிடுவது. அப்போது பிழை எதுவும் தோன்றாது. பிஎச்பி நிரல் நிறைவேற்றப்படாமல் வெறும் எழுத்தாக உலாவிக்கு அனுப்பப்பட்டு, தரவுத்தளக் கடவுச்சொல் உட்பட அனைத்தும் வருகையாளர் கண்ணில் படும். திரையில் 500 தோன்றுவது இதனோடு ஒப்பிடுகையில் நற்பேறு என்றே சொல்ல வேண்டும்.

தமிழ்த் தளத்துக்கே உரிய பிழை எழுத்துச் சூழலில் பிறக்கிறது. உபுண்டு, டெபியன் ஆகிய இயக்குதளங்களில் அப்பாச்சி தொடங்கும்போது படிக்கும் ‘என்வ்வார்ஸ்’ என்ற கோப்பில், மொழிச் சூழல் ‘சி’ என்று குறிக்கப்பட்டிருக்கும். ‘சி’ சூழல் அறிந்தவை ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளுமாக 128 எழுத்துகள் மட்டுமே. பைதனில் எழுதிய தளம் ஒன்றில் ஒருவர் ‘செங்கலடி’ என்று தமிழிலேயே பெயரிட்ட படத்தை ஏற்றினால், அந்தப் பெயரில் கோப்பை வட்டில் எழுத முயலும் நிரல் இந்த 128க்குள் அவ்வெழுத்துகளைத் தேடித் தோற்று, யுனிகோட் குறியாக்கப் பிழை என்று பதிவிட்டுவிட்டு 500ஐக் காட்டும். நிரலாளர் தமது கணினியில் சோதித்தபோது இது நிகழ்ந்திராது, ஏனெனில் அவருடைய டெர்மினல் யுடிஎஃப்-8 என்ற, உலக எழுத்துகள் அனைத்தையும் தாங்கும் குறியாக்கத்தில் இயங்குகிறது. ஆங்கிலப் பெயருடைய கோப்பை ஏற்றினாலும் இது நிகழாது. ஆகவே ‘சில வேளை வேலை செய்கிறது, சில வேளை செய்யவில்லை’ என்ற மயக்கம் பிறக்கிறது. தீர்வோ ஒரே வரிதான்: அதே என்வ்வார்ஸ் கோப்பில், கணினியின் பொதுவான மொழிச் சூழலைப் பயன்படுத்துவதற்கான வரி முன்னமே எழுதப்பட்டு, செயற்படாதபடி குறிப்பு வரியாக வைக்கப்பட்டிருக்கும், அதன் தலையிலுள்ள குறியை நீக்கினால் போதும். அல்லது மொட்-விஸ்கியின் செயலாக்க அமைவிலேயே மொழிச் சூழலை யுடிஎஃப்-8 என்று குறிக்கலாம். எழுத்து என்றாலே ஆங்கில எழுத்து என்ற எண்ணம் இயல்புநிலை அமைவில் இவ்வளவு ஆழமாக ஊறியிருப்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று வேண்டியதில்லை.

இதன் மறுபக்கமும் ஒன்றுண்டு. பக்கத்தின் தலைப்பகுதியில் யுடிஎஃப்-8 என்று எழுதியிருந்தாலும், சேவையகம் தன் மறுமொழியின் முகப்பில் வேறு குறியாக்கத்தைச் சொன்னால், உலாவி சேவையகம் சொல்வதையே ஏற்கும். அமைவில் மேற்கைரோப்பியக் குறியாக்கம் இயல்புநிலையாக இடப்பட்டிருந்தால், தமிழ்ப் பக்கம் முழுவதும், தலையில் சாய்கோடு இட்ட ரோமன் எழுத்து ஒன்று மீண்டும் மீண்டும் வரும் குப்பையாகத் தோன்றும். யுடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துக் குறிகள் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளால் ஆனவை. முதல் பைட்டு எல்லாவற்றுக்கும் ஒன்றே. அதுவே அந்தச் சாய்கோட்டு எழுத்தாகக் காட்சி தருகிறது. இக்குப்பையைக் கண்டதும் எழுத்துரு இல்லை என்று எண்ணி எழுத்துருக்களை நிறுவத் தொடங்குவது வீண்வேலை. எழுத்துரு இல்லாதபோது தோன்றுபவை வெற்றுக் கட்டங்களே.

மூன்று பைட்டுக் கணக்கு வேறு இடங்களிலும் தலையிடுகிறது. தமிழ்த் தலைப்பு முகவரியில் இடம்பெறும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு கூடிய மூன்று எழுத்துகளாக எழுதப்படுவதால், எட்டுக் குறிகளால் ஆன ‘செங்கலடி’ 72 எழுத்துகளாகவும், பன்னிரண்டு குறிகளால் ஆன ‘மட்டக்களப்பு’ 108 எழுத்துகளாகவும் நீள்கின்றன. லினக்ஸில் வழக்கமான கோப்புமுறையில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுகளைத் தாண்ட முடியாது. ஆங்கிலத்தில் அது 255 எழுத்து, தமிழில் 85 குறி மட்டுமே. மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால், நீண்ட நூற்பெயர் ஒன்றைக் கோப்புக்குச் சூட்டுபவர் இந்த எல்லையை எளிதில் எட்டிவிடலாம்.

நீண்ட நூற்பெயர்கள் குவிந்திருக்கும் இடத்துக்கு ஈழத்துத் தமிழ் உலகமே நல்ல எடுத்துக்காட்டைத் தருகிறது. இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேகரிக்கும் ‘நூலகம்’ 2005இல் தொடங்கப்பட்டது. மட்டக்களப்பில் அச்சான சிறு வெளியீடுகளும் அதில் உண்டு. 2003இல் இலங்கையரான மயூரநாதனின் முயற்சியால் வளரத் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இந்நூலகமும் இயங்குவது, மீடியாவிக்கி என்ற, பிஎச்பியில் எழுதப்பட்ட ஒரே மென்பொருளில்தான். மீடியாவிக்கியில் பக்கத் தலைப்புக்கும் எல்லை 255 பைட்டுகளே.

2013ஆம் ஆண்டின் முற்பகுதியில் விக்கிப்பீடியாக்களுக்கு ‘ஸ்க்ரிபுன்டோ’ என்ற நீட்சி வந்தது. அதன் வழியாக, பிரேசிலில் பிறந்த லூவா என்ற சிறுமொழியில் எழுதிய நிரல்களை விக்கிப் பக்கத்துக்குள்ளேயே இயக்க முடிந்தது: சேவையகத்துள் பிஎச்பி, பிஎச்பிக்குள் லூவா என்று ஒன்றனுள் ஒன்றாக இரண்டு மொழிகள். விக்கிப்பீடியாவின் தகவற்பெட்டி வார்ப்புருக்கள் பலவும் இன்று லூவாவை நம்பியிருப்பதால், சொந்தமாக ஒரு விக்கி அமைத்து அங்கிருந்து வார்ப்புருவைப் படியெடுப்பவர் கண்ணுக்கு, தகவற்பெட்டி வரவேண்டிய இடத்தில் சிவப்பு எழுத்தில் லூவா பிழை ஒன்றும் அதன் இறுதியில் 126 என்ற எண்ணும் தோன்றுவது வழக்கம்.

இந்த 126 சற்று நெருங்கிப் பார்க்கத்தக்கது. சிறு தளங்களில் ஸ்க்ரிபுன்டோ, தன்னோடு கூட வரும் லூவா நிரற்கோப்பைத் தனிச் செயலாக்கமாகத் தொடங்குகிறது. லினக்ஸ் வழக்கில் 126 என்றால், கோப்பு கண்டுபிடிக்கப்பட்டது, ஆனால் அதை இயக்க முடியவில்லை என்று பொருள். நிரலில் பிழை என்ற பொருள் அதற்கில்லை. வின்டோஸ் கணினியில் பிரித்தெடுத்த கோப்புகளை எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாகச் சேவையகத்துக்கு ஏற்றும்போது ‘இயக்கலாம்’ என்ற அனுமதி பெரும்பாலும் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. ‘சிமொட்’ கட்டளையால் அதை மீண்டும் கொடுத்ததும் தகவற்பெட்டி எழுந்து நிற்கும். அனுமதி கொடுத்தும் 126 நீங்காவிட்டால், தளம் இருக்கும் வட்டுப்பகுதி எதையும் இயக்கவிடாத முறையில் இணைக்கப்பட்டிருக்கலாம், அல்லது ரெட்ஹாட் வழியில் வந்த இயக்குதளங்களிலுள்ள செலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு தடுத்திருக்கலாம். லூவாவின் செயலாக்கம் எண் 24 என்ற சமிக்ஞையோடு நின்றால் செயலி நேரம் தீர்ந்தது என்று பொருள். தனிச் செயலாக்க முறையில் ஸ்க்ரிபுன்டோவின் இயல்புநிலை எல்லை ஏழு விநாடி. எண்ணைப் படிக்காமல் வார்ப்புருவைத் திருத்திக்கொண்டே இருப்பவருக்கு இரவு முழுவதும் போதாது.

தமிழில் இணைய முகவரி வைக்க விரும்புவோருக்கு இன்னொரு வலை காத்திருக்கிறது. ‘.இலங்கை’ என்ற தமிழ் உயர்மட்டப் பெயர் 2010இல் ஏற்கப்பட்டது. எனினும் இணையத்தின் அடித்தளம் ரோமன் எழுத்தையே அறியும் என்பதால், உலாவி அந்தத் தமிழ்ப் பெயரை, எக்ஸ், என் என்ற எழுத்துகளும் இரண்டு சிறுகோடுகளும் முன்னிற்கும் ஒரு ரோமன் சரமாக மாற்றியே சேவையகத்துக்கு அனுப்புகிறது. ஒரே சேவையகத்தில் பல தளங்கள் இருக்கும்போது, வந்த பெயர் அமைவில் எழுதிய எப்பெயரோடும் பொருந்தாவிட்டால், அப்பாச்சி முதலில் எழுதப்பட்ட தளத்தை எடுத்துக் கொடுத்துவிடும். அமைவுக்கோப்பில் தமிழ் எழுத்திலேயே பெயரை எழுதி வைத்தவர், தம் முகவரியில் வேறொருவரின் தளம் திறப்பதைக் கண்டு, சேவையகத்தைக் கள்வர் கைப்பற்றிவிட்டதாகவே அஞ்சக்கூடும். மாற்றப்பட்ட ரோமன் சரத்தை அமைவில் எழுதினால் தீரும்.

முகப்புப் பக்கம் திறந்து, உள்ளே எந்த இணைப்பை அழுத்தினாலும், பக்கம் இல்லை என்று பொருள்படும் 404 வருமானால், ‘எச்டிஅக்சஸ்’ என்ற கோப்புறை அமைவுக்கோப்பைச் சேவையகம் படிக்கிறதா என்று பார்த்தல் வேண்டும்; அப்பாச்சி 2.4இல் இயல்பாகவே அது படிக்கப்படுவதில்லை. 502 வந்தால், என்ஜின்எக்ஸ் நலமாக இருக்கிறது, பின்னால் தனியாக ஓடும் பிஎச்பி செயலாக்கம்தான் வீழ்ந்திருக்கிறது. இக்காலத்தில் பிஎச்பியை இவ்வாறு சேவையகத்துக்கு வெளியே தனியாக ஓடவிடும் முறையே விரும்பப்படுகிறது; அதற்கான எஃப்பிஎம் என்ற ஏற்பாடு 2010 முதல் பிஎச்பியோடு சேர்ந்தே வருகிறது. வேகத்துக்காக உள்ளே குடியமர்த்திய மொழியை, நிலைப்புக்காக மீண்டும் வெளியே அனுப்பிய கதை இது. பிஎச்பியை உள்ளே வைத்து ஓட்டும்போது ஒவ்வொரு அப்பாச்சிச் செயலாக்கமும் முழு இன்டர்பிரிட்டரையும் சுமக்க வேண்டும்: ஒன்றுக்கு 40 மெகாபைட்டு என்று கொண்டால், டெபியன் இயல்பாக அனுமதிக்கும் 150 செயலாக்கங்களுக்கு ஏறக்குறைய 6 கிகாபைட்டு நினைவகம் வேண்டும். 2 கிகாபைட்டு வாடகைக் கணினி, திருவிழாப் படங்கள் ஏறிய அன்று மாலை மூச்சுத் திணறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. எண்ணிக்கையை 40 அளவில் மட்டுப்படுத்தினால் சிலர் சற்றுக் காத்திருப்பர். எவருக்கும் திறக்காமல் போவதைவிட அது மேல்.

அமைவில் ஒரு மாற்றம் செய்ததும், சேவையகத்தை மீளத் தொடங்குமுன், ‘கொன்ஃபிக்டெஸ்ட்’ என்ற கட்டளையால் எழுத்துப்பிழை உண்டா என்று சோதிப்பது கட்டாயம். பிழையோடு மீளத் தொடங்கினால், ஓடிக்கொண்டிருந்த பிற தளங்களும் சேர்ந்து விழும். பிழைப் பதிவைப் படிப்பதிலும் ஒரு பழக்கம் வேண்டும். அப்பாச்சி 2.4 தன் செய்திகளுக்கு ஏ, எச் என்ற எழுத்துகளோடு ஐந்திலக்க எண் ஒன்றையும் இடுகிறது. அந்த எண்ணைத் தேடினால் அதே பிழைக்கான விளக்கம் கிடைக்கும். 00558 என்ற எண் புதியவர் பலரை அலைக்கழிப்பது: சேவையகத்தின் பெயர் அமைவில் இல்லை என்று கூறும் எச்சரிக்கை மட்டுமே அது, தளம் விழுந்ததற்கு அது காரணமன்று, ஆனால் தொடக்கத்தில் கண்ணில் படுவதால் பழி அதன்மேல் விழுகிறது.

நேரத்தையும் பார்க்க வேண்டும். வாடகைச் சேவையகங்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இயங்குபவை. இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. செங்கலடியில் இரவு 8 மணிக்குத் தளம் விழுந்தது என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னால், பதிவுக்கோப்பில் தேட வேண்டியது 14:30 என்ற நேரத்தை. உபுண்டுவில் இப்பதிவுகள் நாள்தோறும் புதிய கோப்புக்கு மாற்றப்பட்டு, பழையவற்றில் 14 மட்டும் வைத்துக்கொள்ளப்பட்டு மற்றவை நீக்கப்படுகின்றன. ஆகவே விழுந்த அன்றே தொடர்புடைய பகுதியைத் தனியே படியெடுத்து வைக்காதவர், மூன்று வாரம் கழித்துக் காரணம் தேடப் புகுந்தால் அவர் தேடும் வரிகள் அங்கே இரா.